பத்துக்கு எத்தனை

நரம்பின் மேலுறை ஆங்காங்கே உரிந்துவிட்டது என்று
அபெர்டீனிலிருந்து திரைவழியே சொன்னார் டாக்டர்.
புரியட்டும் என்று ஒரு ஒயரை வரைந்தும் காட்டினார்.
இருபத்திரண்டு வருடம்
இந்த ஆர்க்னி வீடுகளின் சுவருக்குள்
எலி கடித்த ஒயர்களை மாற்றியவள் நான்.
பணிவாகத் தலையாட்டினேன்.
தலை குனிந்த அந்த நொடியில்
பிடரியிலிருந்து வால் எலும்புவரை
பளிச்சென்று ஓடி இறங்கியது.
இதற்கு மெயின் சுவிட்ச் எங்கே
என்று கேட்பதற்குள்
இணைப்பு அறுந்துவிட்டது.
காற்று.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்.
பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்
டீ ஆறிவிடுகிறது.

ஜனவரி இரவில் பின்கட்டுக் கல்லில்
வெறுங்காலோடு நிற்கிறேன்.
உருகிய தாரில் நடப்பவள் போல
கால் மாற்றிக் கால் மாற்றி.
எதிர்வீட்டு இஸ்பெல் திரையை விலக்கிப் பார்த்தாள்.
பிறகு மரியாதையாக மூடிக்கொண்டாள்.

எய்னார் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்து
"ஜில்லென்றுதானே இருக்கிறது" என்றான்.
அவன்மேல் தப்பில்லை.
டெஸ்டரை வைத்தாலும்
விளக்கெரியாத மின்சாரம் இது.

மாத்திரையைப் படிப்படியாகக் கூட்டினார்கள்.
முதல் வாரம் ஒன்று.
இரண்டாம் வாரம் இரண்டு, வாய் வறண்டு
நாக்கு அட்டையாக ஒட்டிக்கொண்டது.
மூன்றாம் வாரம் மிஸ் கார்சனின் சமையலறையில்
திறந்த பிளக் பெட்டியின் முன்னால்
பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
பழுப்பா நீலமா,
எதில் உயிர் ஓடும்?
பதினேழு வயதில் படித்த பாடம்
கண்ணெதிரே இருந்தது, கைக்கு வரவில்லை.
ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு
நாளை வருகிறேன் என்றேன்.
வலி உண்மையில் குறைந்திருந்தது அன்று.
அதுதான் அழுகையாக வந்தது வேனுக்குள்.

நர்ஸ் பெத்தியா திட்டவில்லை.
காலை மாத்திரையைப் பாதியாக்கினாள்,
இரவு மாத்திரையை ஏழு மணிக்கு நகர்த்தினாள்.
வெந்நீர்க் குளியல் வேண்டாம்,
விலாவை இறுக்கும் அந்தக் கச்சை வரும்போது
தளர்ந்த சட்டையா இறுக்கமான சட்டையா,
எது கேட்கிறதோ அதைப் போடு என்றாள்.
எனக்கு இறுக்கம்தான் கேட்கிறது.
ஏனென்று அவளுக்கும் தெரியாது.

செவ்வாய்தோறும் போன்.
"பத்துக்கு எத்தனை, மெரன்?"
இங்கே காற்றுக்கே பன்னிரண்டு வரை எண் உண்டு,
வலிக்கு மட்டும் ஏன் பத்தோடு கஞ்சத்தனம்?
"ஏழு. வடமேற்கிலிருந்து.
நள்ளிரவில் ஒன்பதாகலாம்.
சிறு படகுகள் கரையிலேயே இருக்கட்டும்."
அவள் சிரித்துவிட்டு
ஏழு என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்பாள்.

மிச்சம் இருந்தது போர்வை.
வாத்து இறகு அடைத்தது, ஒன்றரைக் கிலோகூட இராது.
பெருவிரலில் அது உரசினால்
கம்பிச் சீப்பால் வாருவது போலிருக்கும்.
போர்வை விலக்கினால் குளிர்,
மூடினால் சீப்பு.
இப்படி மார்ச் வரை.

ஒரு சனிக்கிழமை எய்னார்
நண்டுக்கூடை ஒன்றைப் படியேற்றிக் கொண்டுவந்தான்.
மூன்றுமுறை ஹோஸில் கழுவியிருக்கிறான்,
ஒரு நுனியில் பாசி இன்னும் பச்சையாக.
ஒன்றும் சொல்லாமல்
கட்டிலின் கால்மாட்டில் வைத்து
அதன்மேல் போர்வையை இழுத்துவிட்டான்.
கூடைக்குள் என் இரண்டு பாதங்கள்,
எதுவும் தொடாமல்.
நண்டு நுழையலாம், திரும்ப முடியாது.
அந்த வலைவாயை மட்டும்
அவன் கத்தரித்திருந்தான்.

நான்கு மணி நேரம் தூங்கினேன்.
எழுந்தபோது எரிச்சல் இருந்தது,
எப்போதும் இருக்கிற இடத்திலேயே.
செவ்வாயன்று
"ஐந்து" என்றேன். "நண்டு வாடை தனி."

எய்னார் இப்போது
ஐம்பத்தொன்பது கூடைகளோடு கடலுக்குப் போகிறான்.
அறுபதாவது எங்கே என்று
ஸ்ட்ரோம்னெஸ் துறையில் யாரோ கேட்டார்களாம்.
ரிப்பேரில் இருக்கிறது என்று
சொல்லிவிட்டானாம்.